மூன்றாம் சக்கரம் எங்கே நிற்க வேண்டும்?

மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வளைவிலிருந்துதான் தொடங்குவார்கள். எத்தனை பாகை சாய்கிறது, எந்த வேகத்தில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது, மலைப்பாதையில் எவ்வளவு சுகம் என்று போகும் அந்த எழுத்து. கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று சக்கரத்தில் போகிறவர்களைப் பார்த்தபிறகு அவையெல்லாம் ஓய்வு நாள் கேள்விகளாகத் தெரியும். கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிளின் இடப்பக்கம் பெட்டி பூட்டிப் பலகாரம் விற்கிறவர், பழைய இரும்பு வாங்குகிறவர், கால் இயங்காததால் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் சிறு சக்கரம் பொருத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர்: இங்கே மூன்று சக்கரத்தின் உண்மையான ஓட்டுநர்கள் இவர்கள்தாம். இவர்கள் வேகமாக வளைவது அரிது. நிற்பது, கிளம்புவது, வேகத்தடையில் ஏறி இறங்குவது, சாலையோரச் சரிவில் ஒதுங்குவது, பின்னுக்கு வருவது என்றுதான் நாள் போகிறது. அந்த நாளை அளவுகோலாக வைத்து எடைபோட்டால், விலையும் பெயரும் பெற்ற வடிவங்கள் பல கீழே இறங்குகின்றன. யாரும் கவனிக்காத ஒன்றிரண்டு மேலே வருகின்றன.

சோதனைக் களமாகக் கோலாலம்பூரின் பங்சாரை எடுத்துக்கொள்ளலாம். பூங்கே–கிரிசார் நிறுவனத்தின் ரப்பர்த் தோட்டமாக இருந்த மேட்டு நிலம் இது. தமிழர்கள் பால்வெட்டிய அந்த மேடுகளின் மீதுதான் இன்றைய வீடமைப்புச் சாலைகள் போகின்றன. ஆகவே வளைவு என்றால் ஏற்றமோ இறக்கமோ சேர்ந்தே வரும். ஜாலான் மாரோபில் இறக்கம், புக்கிட் பண்டாராயாவில் செங்குத்துச் சந்துகள், ஜாலான் தெலாவியில் இரட்டை வரிசையாக நிறுத்திய கார்கள், கொஞ்ச தூரத்தில் கிள்ளான் வரை போகும் பெடரல் நெடுஞ்சாலை. மாலையானால் மழை. இரண்டு சக்கர மோட்டாரே திணறும் இடத்தில் மூன்றாவது சக்கரம் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு பொய்யான நிம்மதியைக் கலைத்துவிடலாம். மூன்று சக்கரம் என்றால் விழாது என்று பலர் நம்புகிறார்கள். நிற்கும்போது அது சரி. ஓடும்போது, மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்து ஒரு முக்கோணம் வரைந்து பாருங்கள். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வளைவின் வெளித்தள்ளும் விசை அந்த மையத்தை முக்கோணத்தின் ஒரு விளிம்புக்கு மேலே கொண்டுபோனால் வண்டி கவிழும். நான்கு சக்கரக் காரில் அந்த விளிம்பு வண்டியின் பக்கவாட்டுக்கு இணையாக ஓடுகிறது. மூன்று சக்கரத்தில் அது சரிவாக ஓடுகிறது. ஒற்றைச் சக்கரம் இருக்கும் பக்கம் முக்கோணம் குறுகி ஒரு புள்ளியாக முடிகிறது. எடை அந்தக் குறுகிய முனையை நோக்கி நகர நகர ஆபத்து கூடும்.

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்ற அமைப்பு தமிழர்களுக்கு மிகவும் பழக்கமானது. மலேசியச் சாலைகளில் ஆட்டோ இல்லை. ஆனால் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் வந்த எவருக்கும் அதன் குலுக்கல் தெரியும். 1948இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட ஆப்பே என்ற சரக்கு வண்டியின் வழிவந்ததுதான் பஜாஜ் ஆட்டோ. அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டர், இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர். ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். பின்சக்கரங்களுக்கு இடையே 1.15 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில், முன்சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால் என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பின் 0.64 பங்கு பக்கவிசை வந்ததும் உள்சக்கரம் எழும்பும். அதே வளைவில் பிரேக்கும் பிடித்தால் எடை முன்னால் பாய்கிறது, 0.3 பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்தாலே அந்த எல்லை 0.55க்கு இறங்கிவிடும். வண்டியைத் திருப்பிப் போட்டு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று ஆக்குங்கள். எண்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், எடை மையம் மட்டும் முன் அச்சுக்குப் பக்கத்தில். அதே பிரேக்கில் எல்லை 0.73க்கு உயர்கிறது. ஒரே இரும்பு, ஒரே எடை. பிரேக் ஒன்றில் எதிரியாகவும் மற்றதில் நண்பனாகவும் மாறுகிறது. ஜாலான் மாரோபின் இறக்கத்தில் ஒருவர் வளைந்துகொண்டே பிரேக் பிடிப்பார் என்பதை யாரும் தடுக்க முடியாது. அந்தக் கணத்தில் முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்தவருக்கு இருக்கும் ஒரே வழி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொட்டிவிடுவதுதான்.

அமெரிக்காவில் இந்தப் பாடம் கடுமையாகப் படிக்கப்பட்டது. 1970இல் ஹோண்டா விற்கத் தொடங்கிய, பலூன் போன்ற டயர் வைத்த மூன்று சக்கர மணல் வண்டிகளும் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு வகைதான். பின்அச்சில் இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும்படி இறுக்கிப் பூட்டியிருந்ததால் ஓட்டுநர் உடலைச் சாய்த்துத்தான் வளைக்க வேண்டும். பிள்ளைகள் ஏராளமாகக் காயப்பட்டார்கள். 1988இல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தினார்கள். அந்த இடத்தை நான்கு சக்கர வண்டிகள் பிடித்துக்கொண்டன.

அப்படியென்றால் இரட்டைச் சக்கரத்தை முன்னால் வைத்தால் தீர்ந்ததா? பினாங்கின் பேச்சா என்ற மிதிவண்டி ரிக்சாவைப் பாருங்கள். பயணிகள் முன்னால், மிதிப்பவர் பின்னால். எடை சரியான இடத்தில் இருக்கிறது; இறக்கத்தில் பிரேக் பிடித்தால் அது இன்னும் உறுதியாகத்தான் நிற்கும். ஆனால் ஹேண்டலைத் திருப்பும்போது பயணிகளின் இருக்கையே முழுதாகத் திரும்புகிறது; எதிரே எது வந்தாலும் முதலில் சந்திப்பவர் காசு கொடுத்தவர்தான். சென்னையின் மீன்பாடி வண்டியும் இதே குடும்பம்: சரக்குத் தளம் முன்னால், பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினும் ஓட்டுநரும் பின்னால். சரக்கு ஏற்றியபோது அது நன்றாக நிற்கும். ஓட்டுபவருக்குப் பார்வை மறையும். காலியாக வரும்போது எடை முழுதும் பின்னாலுள்ள ஒற்றைச் சக்கரத்துக்கு வந்துவிட, அதே வண்டி ஆட்டோவைவிட மோசமாகிவிடும். சரக்கு வண்டிகளைப் பற்றிய எந்த ஒப்பீடும் ஏற்றிய நிலை, காலி நிலை இரண்டையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

இந்த விஷயம் பக்கப்பெட்டி வண்டியில் இன்னும் கூர்மையாகத் தெரியும். மலாக்காவின் பேச்சா இந்த வகை, பயணிகள் மிதிப்பவருக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் நடமாடும் கடைகளில் பலவும் இதே வகைதான். சாலையின் இடப்புறம் ஓட்டும் நாட்டில் பெட்டி இடப்பக்கம்தான் இருக்கும். வாங்குகிறவர் சாலையோரத்தில் நின்றே வாங்கலாம். இதில் முக்கோணம் ஒரு பக்கமாக நீண்டிருக்கிறது. வலப்பக்கம் வளையும்போது பெட்டி வெளிப்புறம் வந்து முட்டுக்கொடுக்கும். இடப்பக்கம் வளைந்தால் பெட்டிதான் எழும்பும்.

100 கிலோ கப்சாய், 70 கிலோ ஆள், மோட்டாரிலிருந்து 0.8 மீட்டர் தள்ளி 60 கிலோ காலிப் பெட்டி என்று கணக்கிட்டால், 12 மீட்டர் ஆரமுள்ள இடது வளைவில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்திலேயே பெட்டிச் சக்கரம் தரையை விடும். பெட்டியின் மொத்த எடை 120 கிலோவானால் அந்த வேகம் 29 கிலோமீட்டர். காலையில் பொருள் நிறைந்த வண்டியோடு புறப்படும் வியாபாரி மெதுவாகத்தான் போவார். எல்லாம் விற்றுத் தீர்ந்து, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வரும்போதுதான் வண்டி எளிதில் எழும்பும் நிலையில் இருக்கிறது. ஒரு மூட்டை மணலைப் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாகப் போட்டு வைப்பது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். பெட்ரோல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

வட்டச்சாலைகள் இதற்குத் தனிச் சோதனை. நம் வட்டச்சாலையில் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறோம். நுழையும்போது சற்று இடப்பக்கம், சுற்றும்போது நீண்ட வலது வளைவு, வெளியேறும்போது மறுபடி இடப்பக்கம். நடுவில் இருக்கும் அந்த நீண்ட வலது வளைவில் பெட்டி உறுதியாக உட்கார்ந்திருப்பதால் ஓட்டுநருக்குத் தைரியம் பிறந்துவிடுகிறது. அதே வேகத்தில் வெளியேற இடப்பக்கம் வெட்டும்போதுதான் பெட்டி எழும்புகிறது.

பெட்டி வண்டியின் இன்னொரு குணம் அதன் ஓயாத இழுப்பு. முடுக்கினால் இடப்பக்கம் இழுக்கும். பெட்டிச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லையென்றால், பிரேக் பிடிக்கும்போது வலப்பக்கம் இழுக்கும், அதாவது எதிர்வரும் வண்டிகளை நோக்கி. இதைச் சமன்செய்யப் பட்டறையில் பெட்டிச் சக்கரத்தின் முன்முனையைச் சற்று உள்ளே திருப்பியும், மோட்டாரைச் சற்று வெளியே சாய்த்தும் பூட்டுவார்கள். நல்ல கைகாரர் பூட்டிய வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நேராகப் போகும். அந்த வேகத்துக்கு மேலும் கீழும் ஓட்டுநரின் தோள்தான் ஈடுகட்ட வேண்டும்.

தோளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளின் ஹேண்டல் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். சாதாரண மோட்டார்களில் 80 முதல் 110 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரண்டு சக்கரத்தில் இந்த இடைவெளி வண்டியைத் தானாக நேராக்குகிறது. சாய்த்தால் ஹேண்டல் தானே திரும்பிக்கொள்ளும். சாயவே முடியாத மூன்று சக்கரத்தில் அந்த உதவி போய்விடுகிறது, பாரம் மட்டும் மிஞ்சுகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கை பலத்தால் ஹேண்டலைத் தள்ள வேண்டும். இரண்டு சக்கரத்தில் பழகியவர்கள் அறியாமலே செய்யும் எதிர்த்திசைத் தள்ளலும் இதில் கூடாது. பல வருடம் மோட்டார் ஓட்டியவர் முதல்முறை இதில் ஏறியதும் வண்டி போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போவது இதனால்தான்.

தெரிந்து செய்கிறவர்கள் டிரெயிலைக் குறைப்பார்கள். 1940களில் பிஎம்டபிள்யூ ஆர்71இன் வடிவத்திலிருந்து பிறந்த ரஷ்யப் பரம்பரையில் வந்த உரால் பெட்டி வண்டிகளில் முன்சக்கரத்தை முன்னே தள்ளிப் பிடிக்கும் தனி வகைப் போர்க் இருக்கிறது. ஹார்லி-டேவிட்சன் 1932 முதல் 1973 வரை சர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டியை விற்றது. அமெரிக்கப் போலீசார் கார் நிறுத்தங்களைக் கண்காணிக்க அதைத்தான் ஓட்டினார்கள். அதே நிறுவனம் 2009ஆம் ஆண்டு மாடலாக டிரை கிளைடைக் கொண்டுவந்தபோது, தன் இரு சக்கர வண்டியின் முன்பகுதியை அப்படியே எடுத்து வைக்கவில்லை. போர்க்கின் சாய்வை மாற்றியது, நடுக்கத்தைத் தணிக்க ஒரு டாம்பரும் சேர்த்தது. நம் பட்டறைகளில் மாற்றம் செய்யும் கப்சாயில் பின்னால் எல்லாம் மாறும், முன்னால் ஒன்றும் மாறாது. ஆகவே மெதுவாகப் போகும்போது ஹேண்டல் தலையாட்டும்; நாள் முடிவில் மணிக்கட்டு வலிக்கும். இந்த வலிக்கு ஓட்டுநர்கள் வயதின்மேல் பழி போடுகிறார்கள். பழி போர்க்கைச் சேர்ந்தது.

விலை உயர்ந்தவற்றில் அதிகம் பேசப்படுவது கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007இல் வெளியிட்ட கேன்-ஆம் ஸ்பைடர். முன்னால் இரண்டு அகலச் சக்கரம், பின்னால் ஒன்று, சாயாது. சக்கரம் எழும்பப் போவதை மின்னணுக் கருவி உணர்ந்து தானே பிரேக் பிடித்து, எஞ்சினின் பலத்தையும் குறைத்துவிடும். ஹேண்டலைத் திருப்ப மின் உதவியும் உண்டு. பிரேக் பிடித்தால் எடை போகும் திசையும் சரியானது. நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு இதைவிட உறுதியான மூன்று சக்கரம் குறைவு. ஆனால் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் காரின் அகலம் 1.4 மீட்டர்தான்! தெலாவியில் கார் நுழையாத இடத்தில் இதுவும் நுழையாது. கார் தரும் கூரையும் இல்லை. மழைக்காலக் கோலாலம்பூரில் காரின் அகலத்தையும் மோட்டாரின் நனைதலையும் சேர்த்து வாங்குவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

உடல் சுகத்திலும் சாயாத வண்டிகளுக்கு ஒரு எல்லை உண்டு. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் பக்கவிசை புவியீர்ப்பில் பாதி. 60 கிலோ ஆளை 30 கிலோ விசை வெளியே தள்ளும். காரில் கதவும் இருக்கையின் ஓரமும் தாங்கும். இங்கே உள்ளங்கையும் தொடையும்தான் தாங்க வேண்டும். ஹேண்டலைப் பிடித்து உடலை நிறுத்தும் கை, அதே ஹேண்டலை வளைக்கவும் வேண்டும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன.

நடுச்சக்கரத்தின் கதையும் இருக்கிறது. கார்கள் ஓடும் தடத்தின் நடுவே, இரு டயர்த் தடங்களுக்கு இடையில், எஞ்சினிலிருந்து சொட்டிய எண்ணெய் படிந்த ஒரு கறுத்த பட்டை ஓடும்; சமிக்ஞை விளக்குகளின் முன்னால் அது தடித்திருக்கும். இரண்டு சக்கர ஓட்டுநர்கள் அதைத் தவிர்த்து ஓரத் தடத்தில் போவார்கள். மூன்று சக்கரத்தின் ஒற்றைச் சக்கரம் அந்தப் பட்டையின் மேலேயே போகும்படி விதிக்கப்பட்டிருக்கிறது. வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், ஆட்டோ வகையில் வழுக்குவது திருப்பும் சக்கரம். ஸ்பைடர் வகையில் வழுக்குவது உந்தும் சக்கரம். இரண்டாவதைத் திருத்த மின்னணுக் கருவி போதும். முதலாவதை ஓட்டுநர்தான் திருத்த வேண்டும். குழிகளுக்கும் இதே கணக்கு: இரண்டு சக்கரத்துக்கு ஒரு தடம், பக்கப்பெட்டிக்கு இரண்டு, மற்ற மூன்று சக்கரங்களுக்கு மூன்று. தடம் கூடக் கூடக் குழியைத் தவிர்க்கும் வாய்ப்பு குறைகிறது.

பெடரல் நெடுஞ்சாலையின் ஓரமாக ஓடும் மோட்டார் சைக்கிள் தனிப்பாதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1970களில் உலக வங்கித் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கிய அந்தப் பாதை, உலகிலேயே இந்த வகையில் முன்னோடி. விபத்துகளை அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்ததாக ஆய்வாளர் ராடின் உமார் குழுவினரின் ஆய்வு காட்டியது. சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் ஓட்டுநர்களும் பின்னால் அமர்ந்தவர்களுமாக இருக்கும் நாட்டில் அது சிறிய பலனல்ல. ஆனால் அந்தப் பாதை இரண்டு சக்கரத்துக்காக வெட்டப்பட்டது. பாலங்களுக்கு அடியில் குறுகித் திடீரென வளையும் இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான பெட்டி வண்டி நுழைந்தால், பின்னால் வருகிறவர்கள் முந்த முடியாமல் வரிசை கட்டுவார்கள். வெளியே பெருஞ்சாலையில் போனால் லாரிகளுக்கு நடுவே 50 கிலோமீட்டர் வேகத்தில் ஊர வேண்டும். இப்படி, கையாளுதலுக்கும் சுகத்துக்கும் முன்னாலேயே அகலம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

அதனால்தான் குறுகலான, சாயக்கூடிய வண்டிகள் கவனத்துக்கு உரியவை. 2006இல் வந்த பியாஜியோ எம்பி3, 2014இல் யமஹா டிரிசிட்டி, 2018இல் யமஹா நிக்கேன் மூன்றும் முன்னால் இரு சக்கரத்தோடு சாய்கிறவை. முன்சக்கரங்கள் ஓர் இணைகர அமைப்பில் தொங்குவதால் இரண்டும் வண்டியோடு சேர்ந்து சாயும். அதே 40 கிலோமீட்டர் வளைவை இதில் எடுத்தால் வண்டி ஏறத்தாழ 27 பாகை சாயும். வெளியே தள்ளும் விசை இருக்கையின் வழியாக நேரே கீழே இறங்கும். 60 கிலோ ஆள் தன்னை 67 கிலோவாக உணர்வார், அவ்வளவுதான். தோளுக்கு வேலையில்லை. ஒரு முன்சக்கரம் 4 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால் இணைகரம் அதைப் பாதியாக்கித்தான் உடலுக்கு அனுப்பும். ஒரு சக்கரம் ஈரமான வெள்ளைக்கோட்டில் வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மழை பெய்யும் நகரத்துக்கு இந்தக் கடைசிக் குணமே போதுமான சிபாரிசு.

ஆனால் நிக்கேன் நிற்காது. 847சிசி எஞ்சினும் 263 கிலோ எடையும் கொண்ட அந்த வண்டி 45 பாகைவரை சாயும், விளக்கில் நிற்கும்போது காலை ஊன்றாவிட்டால் சாய்ந்து விழும். மூன்றாவது சக்கரத்தை அது வளைவுக்காக மட்டுமே வாங்கியிருக்கிறது. எம்பி3 வேறு. வேகம் குறைந்து நிற்கப்போகும்போது ஒரு சுவிட்சை அழுத்தினால் முன் சஸ்பென்ஷன் பூட்டிக்கொள்ளும், காலை எடுக்காமலே வண்டி நிமிர்ந்து நிற்கும். கிளம்பும்போது பூட்டு விடும். 2020இன் டிரிசிட்டி 300இலும் இதற்கு ஒத்த உதவி வந்தது. பாரிஸ் நகரில் கோட்டு சூட்டோடு அலுவலகம் போகிறவர்கள் எம்பி3யை அள்ளிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி இரு சக்கரங்களுக்கு இடையே 460 மில்லிமீட்டர் இருந்தால்தான் அது மூன்று சக்கர வண்டி, அதற்குக் குறைந்தால் இரண்டும் ஒரே சக்கரமாகக் கணக்கு. அந்தக் கோட்டை மட்டும் தாண்டும்படி அகலப்படுத்திய எம்பி3யைக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம் என்றாகியது. இயற்பியல் பாதி, உரிமம் பாதி.

இதே எண்ணத்தைத் தலைகீழாகச் செய்தவர் ஜார்ஜ் வாலிஸ் என்ற ஆங்கிலேயர். பின்னால் இரு சிறு சக்கரமும் எஞ்சினும் தரையில் சமமாக இருக்கும். ஓட்டுநர் உட்காரும் முன்பகுதி மட்டும் நடுவிலுள்ள கீலில் சாயும். பிஎஸ்ஏ நிறுவனம் 1970இல் இதை ஏரியல் 3 என்று விற்று நஷ்டப்பட்டது. ஹோண்டா எடுத்துத் திருத்தி 1982இல் ஜைரோ என்று வெளியிட்டது. 1990இல் கூரையும் கண்ணாடித் துடைப்பானும் வைத்த ஜைரோ கேனபி வந்தபோது ஜப்பானின் பீட்சாக் கடைகள் அதைத் தங்கள் வண்டியாக்கிக்கொண்டன. நிறுத்தியதும் ஒரு நெம்புகோலால் கீலைப் பூட்டிவிடலாம்.  கோலாலம்பூரில் உணவு கொண்டுபோகும் பிள்ளைகள் பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வண்டி நினைவுக்கு வரும். நாற்பது வருடமாக ஜப்பானில் ஓடும் ஒன்று, இவ்வளவு மோட்டார் உள்ள இந்த நாட்டில் பேச்சுக்குக்கூட வராதது எனக்கு விளங்காத விஷயம்.

இப்போது, மூன்றாம் சக்கரத்தை விருப்பத்தால் அல்லாமல் தேவையால் வாங்குகிறவர்களிடம் வருவோம். மலேசிய ஓட்டுநர் உரிமத்தில் ஏ என்ற முதல் எழுத்தே மாற்றுத்திறனாளிகளின் வாகனத்துக்கானது. அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது சாதாரண கப்சாய் அல்லது ஸ்கூட்டரில் பின்சக்கரத்தின் இரு பக்கமும் சக்கரம் சேர்த்தது. தமிழ்நாட்டு அரசு இலவசமாக வழங்கும் வண்டியும் இதுவே. அங்கே அரசாணைத் தமிழில் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் தரையில் நான்கு சக்கரம், ஆனாலும் எல்லோருக்கும் அது மூன்று சக்கர வண்டிதான்.

இதன் அடிப்படைச் சிக்கல், உந்தும் சக்கரம் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது. இரு பக்கச் சக்கரமும் மேட்டில் நின்று நடுப்பகுதி பள்ளத்தில் இருந்தால், பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழலும், வண்டி நகராது. வடிகால் மூடியின் ஓரத்திலும் வீட்டு வாசல் சரிவிலும் இது சகஜம். பக்கச் சக்கரங்களை இறுக்கமான ஒரே இரும்புக் குழாயில் வெல்டிங் செய்திருந்தால் ஒவ்வொரு வேகத்தடையும் மூன்று முறை அடிக்கும்: முன்சக்கரம், நடுச்சக்கரம், பக்கச் சக்கரங்கள். தனித்தனி ஸ்பிரிங்கில் தொங்கும் பக்கச் சக்கரம் செலவு அதிகம், ஆனால் இரு குறையையும் ஒன்றாகத் தீர்க்கும்.

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவருக்குச் சுகம் என்பதன் பொருளே வேறு. இருக்கை உறுத்துவதை அவர் உணரமாட்டார். உணராததால் நகர்ந்து உட்காரமாட்டார். படுக்கைப்புண் போன்ற புண் வந்த பிறகுதான் தெரியும். அவருக்கு மென்மையான இருக்கை ஆடம்பரம் அல்ல, மருந்து. வயிற்றுத் தசைகளும் தளர்ந்திருந்தால், மேலே சொன்ன 30 கிலோ பக்கவிசையைத் தாங்க அவரிடம் ஒன்றுமில்லை. முதுகுச் சாய்வும் இடுப்பின் இரு பக்கமும் பிடிக்கும் திண்டும் இல்லாத சாயாத வண்டியில் அவர் 20 கிலோமீட்டர் வேகத்தில்கூட ஹேண்டலைத் தொங்கிப் பிடித்துத்தான் வளைவார். சாயும் வண்டிதான் அவர் உடலுக்கு ஏற்றது என்பது இயற்பியல் சொல்வது. நின்றால் பூட்டிக்கொள்ளும் சாயும் வண்டி இன்னும் ஏற்றது. இரண்டு குணமும் சேர்ந்த வண்டி உலகில் இருக்கிறது. அது பாரிஸ் அதிகாரியின் சட்டைப்பைக்கு ஏற்ற விலையில் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் துறையின் பெரிய தவறு இதுதான். பூட்டும் இணைகரமும் அதிசயப் பொருள்கள் அல்ல. 125சிசி ஸ்கூட்டரில் அடங்குபவை. கை பிரேக், கியர் இல்லாத எஞ்சின், சக்கர நாற்காலி மாட்டும் கொக்கி ஆகியவற்றோடு அதைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்க எந்தப் பெரிய நிறுவனமும் முனையவில்லை. ஆகவே பாரம் பட்டறைக்காரரின் தலையில் விழுகிறது. அவர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். அது நியாயம்தான், ஆனால் கவனம் முழுவதும் பின்னால் சேர்த்த சக்கரத்தின் மேல்தான். முன்னால் மாற்றாமல் விட்ட போர்க்கைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பலருடைய மணிக்கட்டு பிழைத்திருக்கும்.

கால் இயங்காத ஓட்டுநர்கள் முதலில் கேட்பது ரிவர்ஸ் கியர். கப்சாய்க்குப் பின்னோக்கும் கியர் கிடையாது. இரண்டு கால் உள்ளவர் தரையை உதைத்துப் பின்னுக்கு வருவார். இவர் வண்டியின் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால், வெளியே எடுக்க யாரையாவது கூப்பிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற நெருக்கடியான இடத்தில் எங்கே நிறுத்துவது என்பதைவிட எப்படி வெளியேறுவது என்று பார்த்துத்தான் அவர் கடையையே தேர்ந்தெடுப்பார். வண்டியின் கையாளுதலை மதிப்பிடும் எந்த அட்டவணையிலும் இது வருவதில்லை.

மின்சார வண்டி இதை எளிதாக்கிவிட்டது. மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்ற ஒரு சுவிட்ச் போதும். ஏற்றத்தில் கிளம்பும்போது எஞ்சின் அணைந்துபோகும் பயமும் இல்லை. பேட்டரியைக் காலடியில் வைத்தால் எடை மையம் தாழும், 0.6 மீட்டர் உயரம் 0.5 ஆனால், முதலில் போட்ட கணக்கில் கவிழும் எல்லை 0.64இலிருந்து 0.77க்கு ஏறும். ஆனால் மலிவு மாற்றங்களில் மோட்டாரைச் சக்கரத்தின் நடுவிலேயே வைத்துவிடுகிறார்கள். அப்போது அந்த எடை முழுதும் ஸ்பிரிங்குக்குக் கீழே போய், புக்கிட் பண்டாராயாவின் வேகத்தடைகளில் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும். முதுகுத்தண்டில் இரும்புத் தகடு வைத்திருப்பவருக்கு அந்தத் துள்ளல் நேரே ஏறும். மோட்டாரைச் சட்டத்தில் பூட்டிச் சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றினால் சத்தம் கொஞ்சம் கூடும், எண்ணெய் போடும் வேலையும் சேரும். இப்போதைக்கு, பக்கச் சக்கரத்துக்குத் தனி ஸ்பிரிங்கும் சட்டத்தில் பூட்டிய மோட்டாரும் உள்ள ஸ்கூட்டரைத்தான் நான் பங்சாருக்குச் சிபாரிசு செய்வேன், போர்க்கையும் மாற்றித் தரச் சம்மதிக்கும் பட்டறை கிடைத்தால்.